கழகத்துக்கு முதலாளி எதற்கு?

கண்டிப் பக்கம் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "பெரிய கம்பனி ஒன்று அணியை வாங்க வேண்டும். முதல் போடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நம்ம புட்போல் உருப்படும்." பழைய மாணவர் சங்கக் கூட்டத்திலும் இதைச் சொல்கிறார்கள், தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள், விளையாட்டுப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். கூடவே ஓர் இளக்காரமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சந்தாக் காசிலும் கடைக்காரர் வாங்கித் தந்த சீருடையிலும் ஓடுகிற சிறிய கழகங்கள் இனி எதற்கு, அவற்றின் காலம் முடிந்துவிட்டது, ஆட்டத்தின் வளர்ச்சிக்கு அவைதான் தடை என்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு என்பது என் உறுதியான எண்ணம். பணமே கூடாது என்று நான் வாதாடவில்லை. கழகத்துக்குக் காசு கொடுப்பது வேறு, கழகத்தையே வாங்குவது வேறு. முன்னது நமக்கு நெடுங்காலப் பழக்கம். பின்னது வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்டியின் பெயரைச் சுமந்த கிரிக்கெட் அணியே சாட்சியாக இருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"கண்டி றக்பி ஊர். புட்போலுக்கு இங்கே ஆள் கிடையாது. ஆளைச் சேர்க்கவே பெரிய பணம் வேண்டும்" என்பது முதற்காரணம்.

றக்பியில் கண்டிக்கு இருக்கும் பெருமையை யாரும் மறுக்க முடியாது. இலங்கைப் பாடசாலைகளில் றக்பி ஆட்டம் முதலில் காலூன்றியது 1891இல், கிங்ஸ்வூட் கல்லூரியில். 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதிய ஆட்டமே நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பிப் போட்டி. கண்டி விளையாட்டுக் கழகம் உருவானது 1874இல். ஆனால் அந்தக் கழகம் நாட்டின் முதல்தர அணியாக எழுந்தது 1990களில்தான். நூறு வருடத்துக்கு மேல் ஊர்ப் பாடசாலைகள் பிள்ளைகளைத் தயார்படுத்தின, உறுப்பினர்கள் கழகத்தைக் காத்தார்கள், அதன் பிறகே வெற்றியும் அனுசரணையாளர்களும் வந்தார்கள். அனுசரணையாளர் மாறியபோது கழகத்தின் பெயர் மாறவில்லை, ஊர் மாறவில்லை. றக்பியை உதாரணம் காட்டுகிறவர்கள் அதன் வரலாற்றை முழுதாகச் சொன்னால் அது என் பக்கத்து வாதமாகிவிடும். றக்பிக்கு அத்தனை காலம் கொடுத்த ஊர், கால்பந்துக்கு மட்டும் ஏன் நாளைக்கே ஒரு முதலாளியைத் தேடுகிறது?

ஆள் இல்லை என்பதும் உண்மையல்ல. மஹியாவையில் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அக்குறணை, மடவளை, கம்பளை முஸ்லிம் இளைஞர்கள் ஆடுகிறார்கள். கட்டுகஸ்தோட்டையில், நாவலப்பிட்டியில், புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆடுகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புக் கடைகளிலிருந்து ஊர் திரும்பும் பையன்கள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, அணிக்கு எழுவர் சுற்றுப்போட்டி எந்த மைதானத்தில் என்பதுதான். இறந்துபோன ஆசிரியர் ஒருவரின் பெயரிலோ இளம் வயதில் போய்விட்ட ஓர் ஆட்டக்காரரின் பெயரிலோ நினைவுக் கிண்ணம் வைத்திருப்பார்கள். தேயிலைச் சரிவின் ஓரத்தில், லயன்களுக்கு மேலே, மைதானத்தைச் சுற்றிச் சனம் நிற்கும். நுழைவுச்சீட்டு இல்லாததால் அந்தச் சனம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காசு கொடுத்து உட்காருகிறவரை மட்டுமே ரசிகராக எண்ணுகிறவர்களுக்குக் கண்டியில் ரசிகரே இல்லாமல் தெரிவது இயல்புதான்.

அடுத்தது, பணம் வந்தால் தரம் தானாக உயரும் என்ற நம்பிக்கை. இது எல்லோரிடமும் ஆழமாக இருக்கிறது. வரலாறு இதற்கு எதிராக நிற்கிறது.

இலங்கை தெற்காசியக் கால்பந்தில் கிண்ணம் வென்றது ஒரே ஒருமுறை. 1995இல், கொழும்பில், இறுதியாட்டத்தில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. அன்று நம் நாட்டில் தொழில்முறை லீக் என்று ஒன்று கிடையாது. கழகங்களிலும் படையணிகளிலும் ஆடியவர்கள் சேர்ந்து வென்ற கிண்ணம் அது. கொழும்பில் சோண்டர்ஸ், ரினோன், ஜாவா லேன், ரட்ணம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பெயர்களெல்லாம் தெருக்களிலிருந்தும் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் எழுந்த கழகங்கள். சோண்டர்ஸ் 1918ஆம் ஆண்டுக் கழகம்.

இருபது வருடம் கழித்து, 2015 மார்ச்சில், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் பூட்டானிடம் தோற்றோம். கொழும்பிலும் தோற்றோம், திம்புவிலும் தோற்றோம். அப்போது உலகத் தரவரிசையின் கடைசியில், 209ஆம் இடத்தில் இருந்த நாடு பூட்டான். அந்த அணியில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டோ படித்துக்கொண்டோ ஆடியவர்கள். நம்மைத் தோற்கடித்தது பணக்கார ஆட்டம் அல்ல.

பிறகு 2021 ஏப்ரலில் சூப்பர் லீக் வந்தது. நாட்டின் முதலாவது தொழில்முறை லீக் என்று அறிவித்தார்கள். பத்து அணிகள். அந்தப் பத்தில் மூன்று, தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள். அவற்றின் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். சந்தையின் பலம் கால்பந்தைத் தூக்கி நிறுத்தும் என்று சொன்ன லீக்கிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அரசாங்கச் சம்பளம் தாங்கியது. புளூ ஸ்டார் கிண்ணத்தை வென்றது. மறுவருடம் பொருளாதார நெருக்கடி நாட்டை விழுத்தியது, சூப்பர் லீக் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபா இலங்கையையே இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது.

அந்தப் பத்து அணிகளில் ஒன்று நம் மாவட்டத்துக் கழகம், நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். கொஞ்ச நேரம் இந்தப் பெயரில் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாவலப்பிட்டி பெரிய நகரமல்ல. 1874இல் ரயில் வந்து சேர்ந்த ஊர். ரயில்வே ஊழியர்களும் கடைக்காரர்களும் சுற்றுத் தோட்டத்துச் சனமும் சேர்ந்து உருவாக்கிய சந்தைப் பட்டினம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அடுத்தடுத்த கடைகளில் வியாபாரம் பார்க்கிற இடம். அப்படிப்பட்ட ஊரின் பெயர் கொழும்பு, களுத்துறை, பேருவளைக் கழகங்களோடு ஒரே பட்டியலில் வந்தது எதனால்? கீழ் மட்டத்திலிருந்து ஆடி ஆடி மேலே ஏறலாம் என்ற வழி திறந்திருந்ததனால். மாவட்ட லீக், பிரிவுகளுக்கிடையில் ஏற்றமும் இறக்கமும், நாடெங்குமுள்ள லீக்குகளின் கழகங்கள் கலந்துகொள்ளக்கூடிய எப்.ஏ. கிண்ணம். இவை எல்லாம் சேர்ந்து ஓர் ஏணி. இன்று முதலாளி முறையை விரும்புகிறவர்கள் கேட்பது மூடிய லீக். ஐந்தோ ஆறோ உரிமையாளர்கள், ஏலத்தில் வீரர்கள், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் அதில் கண்டி என்ற பெயரில் ஓர் அணி இருந்திருக்கலாம். நாவலப்பிட்டி ஒருநாளும் இருந்திருக்காது.

தொழில்முறை லீக் சிறு கழகத்திடம் என்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் உரிம விதிகளின்படி பயிற்றுநர்கள், மருத்துவ வசதி, இளையோர் அணிகள், நிர்வாக ஊழியர்கள், கணக்காய்வு செய்த கணக்குகள் எல்லாம் வேண்டும். எல்லாமே நல்ல விஷயங்கள்தான், எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் செலவு நிரந்தரமாகிறது, வருமானமோ ஒரு பருவத்து அனுசரணையாக இருக்கிறது. லீக் நின்ற வருடத்தில் உரிமையாளருக்கு வேறு தொழில் இருக்கும். பதினெட்டு வயதில் படிப்பை விட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பையனுக்கு என்ன இருக்கும்? இந்தக் கேள்விக்கு அவர்களில் யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

"முதலாளி வந்தால் ஊருக்கு ஓர் அடையாளம் கிடைக்கும், பிள்ளைகள் கண்டி என்ற பெயர் போட்ட ஜேர்சியைப் பெருமையோடு போடுவார்கள்." இதைச் சொல்கிறவர்கள் கிரிக்கெட்டைக் காட்டுகிறார்கள். சரி, கிரிக்கெட்டையே பார்ப்போம்.

லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கியது. கண்டி அணியின் பெயர் அந்த வருடம் கண்டி டஸ்கர்ஸ். 2021இல் கண்டி வோரியர்ஸ். 2022இல் கண்டி பல்கன்ஸ். 2023இல் பி-லவ் கண்டி. அந்த வருடம் கிண்ணமும் வென்றது. வென்ற பெயர்கூட நிலைக்கவில்லை, 2024இல் மறுபடி கண்டி பல்கன்ஸ். ஐந்து பருவத்தில் ஐந்து முறை பெயர்ப்பலகை எழுத வேண்டியிருந்தது. 2020இல் எல்லா ஆட்டங்களும் நடந்தது ஹம்பாந்தோட்டையில். 2021இல் கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும். பல்லேகலையில் சர்வதேச மைதானம் இருந்தும், கண்டியின் அணி முதல் இரண்டு பருவமும் கண்டி மண்ணில் ஒரு பந்துகூட வீசவில்லை. கொள்ளைநோய்க் காலம் அதற்குக் காரணம் என்பதை ஏற்கிறேன். பெயர் மாற்றத்துக்கு எந்த நோய் காரணம்?

கொழும்பு அணி கிங்ஸ், ஸ்டார்ஸ், ஸ்ட்ரைக்கர்ஸ் என்று மாறியது. தம்புள்ளை அணிக்கு ஐந்து பருவத்துக்குள் வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ் என்று ஐந்து பெயர். அந்த அணியின் உரிமையாளர் 2024 மே மாதம் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தொடர் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு அவசர அவசரமாக வேறு உரிமையாளரைத் தேடி, வேறு பெயரை வைத்து ஆடினார்கள். இத்தனைக்கும் இலங்கையில் கிரிக்கெட் பணம் புழங்குகிற விளையாட்டு. பணம் புழங்காத கால்பந்தில் இதே முறை வந்தால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அடையாளம் என்பது அப்பாவும் மகனும் ஒரே பெயரைச் சொல்லிக் கத்த முடிவது. வருடத்துக்கு ஒரு பெயரில் அது வராது.

இந்தியாவைப் பாருங்கள் என்பார்கள் சிலர். 2014இல் எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நடிகர்களும் கிரிக்கெட் நட்சத்திரங்களும் உரிமையாளர்களாக நின்றார்கள். டெல்லி டைனமோஸ் அணி 2019இல் டெல்லியை விட்டுப் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எப்.சி. ஆனது. பூனே சிட்டி அதே வருடம் கலைந்தது. 1889ஆம் ஆண்டுக் கழகமான மோகன் பகானின் பெயருக்கு முன்னால் 2020இல் ஒரு முதலாளியின் அணிப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் எதிர்த்த பிறகே அது நீங்கியது. அப்போதும் வேறொரு வர்த்தகப் பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. 2025 ஜூலையில், வணிக உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வருகிற நிலையில், புதிய பருவத்தையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் மாதம் பெங்களூரு எப்.சி. போன்ற அணிகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியதாக அறிவித்தன. நூற்று நாற்பது கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில், ஆசியாவின் பெரும் பணக்காரக் குழுமம் தாங்கிய லீக்குக்கே இந்த நிலை.

இப்போது அடிமட்டத்துக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிற அகடமிகளும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் ஆடுகளங்களும் நகரங்களில் பெருகி வருகின்றன. இதுவே வளர்ச்சி என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆட வசதியாகத்தான் இருக்கிறது, நல்ல பயிற்றுநர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் யார் உள்ளே போகிறார்கள்? தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் கிடைத்தது. 2024இல் அது 1,350 ஆனது. அதுவும் கொழுந்தின் நிறை சரியாக இருந்தால், வேலை நாள் கிடைத்தால். அந்தத் தாயால் பிள்ளைக்கு ஒரு சோடி ஆட்டச் சப்பாத்து வாங்குவதே பெரும்பாடு. மாதாமாதம் அகடமிக் கட்டணம், கண்டிக்கு வந்துபோக பஸ் காசு என்று சேர்த்தால் அந்தப் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். ஊர்க் கழகத்தில் மூத்த ஆட்டக்காரர் தன் பழைய சப்பாத்தைக் கொடுத்துவிடுகிறார். இரண்டு பேர் ஒரு சோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். வறுமையைப் போற்றி இதைச் சொல்லவில்லை. கட்டணம் கேட்கிற முறையில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். திறமையைக் கண்டெடுப்பதுதான் நோக்கம் என்றால், மாவட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பகுதியை முதல் நாளே வெளியே நிறுத்துகிற ஏற்பாடு அதற்கு எப்படி உதவும்?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாளி முறை வந்தால் பெண்கள் அணி தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லங்கா பிரீமியர் லீக்கின் ஐந்து பருவத்தில் பெண்களுக்கான தொடர் ஒன்றுகூட நடக்கவில்லை. நம் கழகங்களும் இந்த விஷயத்தில் பெரிதாகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். உரிமையாளரிடம் யார் கேட்பது?

கடைசியாக, அவர்களுடைய வலுவான வாதம். "சிறு கழகங்கள் எல்லாம் சண்டைக் கூடாரங்கள். சாதி, மதம், தெரு, தோட்டப் பிரிவு என்று பிரிந்து நிற்கிறார்கள். லீக் பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். சம்மேளனம் வரைக்கும் ஊழல். தனியார் கையில் கொடுத்தால் ஒழுங்கு வரும்."

இதில் உண்மை இருக்கிறது. மத்தியஸ்தரின் தீர்ப்பு பிடிக்காமல் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது, வருடக்கணக்கில் ஒரே ஆள் செயலாளராக இருப்பது, கணக்கு காட்டாதது, வெளி ஊர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்கி உள்ளூர்ப் பையனை உட்காரவைப்பது, எல்லாம் நடக்கின்றன. பணப்பரிசு கூடக் கூட இவையும் கூடுகின்றன என்பதைச் சுற்றுப்போட்டி நடத்துகிறவர்கள் அறிவார்கள். ஆகவே மருந்தாகச் சொல்லப்படுகிற பணமே நோயையும் வளர்க்கிறது.

இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்தின் கதையும் இதையே காட்டுகிறது. முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் பீபா வாழ்நாள் தடை விதித்தது. நாவலப்பிட்டியிலோ கம்பளையிலோ ஒரு கழகம் செய்த காரியத்துக்காக அல்ல. பீபா தலைவர் தேர்தலில் நின்ற பின் ஹம்மாமின் ஆதரவு திரட்டல் தொடர்பான விவகாரத்துக்காக. மேல்மட்டத்தில் பெரும் பணம் புரளும்போது நடந்த குற்றத்தைக் கீழ்மட்டத்துக் கழகத்தின் தலையில் கட்டுவது நியாயமா? 2023இன் தடையும் சம்மேளனத் தேர்தலிலும் அதில் வெளியார் தலையீட்டிலும் வந்த வினை. ஆனால் ஏழு மாதத்துக்கு மேல் அதன் வலியை அனுபவித்தவர்கள் ஆட்டக்காரர்கள்.

இனமும் மதமும் பற்றிய குற்றச்சாட்டுக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கழகங்களின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் எங்கே சந்திக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சிங்களப் பிள்ளை சிங்களமொழிப் பாடசாலைக்குப் போகிறது. தமிழ்ப் பிள்ளை தமிழ்மொழிப் பாடசாலைக்கு. முஸ்லிம் பிள்ளை பெரும்பாலும் முஸ்லிம் பாடசாலைக்கு. கண்டி நகரின் சில பெரிய கல்லூரிகளைத் தவிர்த்தால் பதின்மூன்று வருடம் ஒருவரையொருவர் பாராமலே படித்து முடிக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அதன் விலை என்னவென்று நமக்குத் தெரியும். 1915இல் கம்பளையின் பெரஹரா வழக்கோடு தொடர்புபட்டு, கண்டியில் வெடித்த கலவரம் நாடு முழுக்கப் பரவியது. 1983ஐ மலையகத் தமிழர் மறக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

ஒரு கால்பந்துக் கழகம் இதையெல்லாம் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடசாலை விட்ட பிறகு மூன்று சமூகப் பிள்ளைகளும் ஒரே பக்கத்துக்கு ஆடக்கூடிய இடம் எது? பஸ்தரிப்பிடத்துக்குப் பின்னாலுள்ள மைதானமும் அதில் ஆடுகிற கழகமும்தான். பந்தைக் கேட்கச் சிங்களத்திலும் தமிழிலும் கத்தக் கற்றுக்கொள்கிறார்கள். நோன்புப் பெருநாளைப் பார்த்துச் சுற்றுப்போட்டித் திகதியை மாற்றுகிறார்கள், வெசாக் பார்த்து மாற்றுகிறார்கள், தோட்டத்துக் கோவில் திருவிழா பார்த்தும் மாற்றுகிறார்கள். தொலைக்காட்சி நேரத்தைப் பார்த்துத் திகதி வைக்கிற உரிமையாளருக்கு இதெல்லாம் எதற்கு? தனி இனத்துக் கழகங்களும் இருக்கின்றனவாம். இருக்கின்றன. அவையும் ஒரே லீக்கில், ஒரே மைதானத்தில், ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மற்றவர்களோடு ஆடியே ஆக வேண்டும். அதுவே பெரிய விஷயம் இந்த மாவட்டத்தில்.

உலகமே வணிகமாகிவிட்டது, நாம் மட்டும் எதிர்த்து என்ன என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் சூப்பர் லீக் தொடங்கிய அதே 2021 ஏப்ரலில், ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் தங்களுக்கென்று மூடிய சூப்பர் லீக் ஒன்றை அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். மூன்று நாளில் இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் விலகிவிட்டன. விம்பிள்டன் கழகத்தை 2002இல் வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் ஊரின் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்து புதிய கழகம் தொடங்கினார்கள். அடிமட்டத்து லீக்கிலிருந்து ஒன்பது வருடத்தில் தொழில்முறை லீக்கை எட்டினார்கள், 2020இல் சொந்த ஊரின் பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். மன்செஸ்டரில் 2005இல் உருவான எப்.சி. யுனைட்டட்டில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, எத்தனை காசு போட்டாலும் ஒரே வாக்கு. ஜெர்மனியில் கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. லீக்கின் ஊடக வருமானத்தில் முதலீட்டாளர் ஒருவருக்குப் பங்கு கொடுக்கப் போனபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. உரிமை யாரிடம் என்பதில்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி? நாட்டுப்புறத்துக் கழகங்கள் ஏற்கெனவே செய்வதைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஹாட்வெயார்க் கடைக்காரர் சீருடை தருகிறார், கத்தாரில் வேலை செய்கிற பழைய ஆட்டக்காரர் பந்துகள் வாங்கப் பணம் அனுப்புகிறார், பேக்கரிக்காரர் பரிசளிப்புக்குத் தேநீரும் பணிஸும் தருகிறார். பெரிய கம்பனியும் வரட்டும், நெஞ்சில் அதன் பெயரைப் போட்டுக்கொள்வோம். ஆனால் கழகத்தின் பெயர், நிறம், மைதானம், வாக்கு என்ற நான்கும் பேரம் பேசப்படக் கூடாது. ஒரே அனுசரணையாளர் கையில் முழுச் செலவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் போனால் கழகமும் போய்விடும் என்ற நிலை வந்தால் வாங்காமலே வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.

கண்டி மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் ஒரு வேண்டுகோள். பொது மைதானங்களை அதிக வாடகை கொடுப்பவருக்கே என்று விட்டுவிடாதீர்கள். போகம்பறை உட்பட ஒவ்வொரு மைதானத்திலும் பதிவு செய்த ஊர்க் கழகங்களுக்கும் பெண் பிள்ளைகளின் அணிகளுக்கும் வாரத்தில் நிச்சயமான மாலை நேரங்களை இலவசமாக ஒதுக்கி அறிவித்தல் பலகையில் போடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் மைதானமாக இருக்கும் துண்டு நிலத்தை வேறு தேவைக்கு எடுக்கும்போது மாற்று இடம் தர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கழக நிர்வாகிகள் வரவு செலவை வருடாவருடம் எழுத்தில் காட்ட வேண்டும், ஆடுகிற பிள்ளைகளுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது சிறிய காரியம். உங்கள் ஊர்க் கழகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சந்தாவைக் கட்டுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். கழகத்தை விற்கப் போகிறோம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் எதிர்த்துக் கை உயர்த்துங்கள்.